தலைக்கு வந்தது தெர்மாகோலோடு போகட்டும்!

*ஹெல்மெட் வாங்கும்போது ஓட்டைத் தட்டிப் பார்க்கிறோம். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்க்கிறோம். வண்டியின் நிறத்துக்குப் பொருந்துகிறதா என்றுகூடப் பார்க்கிறோம். உயிரைக் காப்பாற்றுகிற அந்த ஒரு அங்குலத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.*

ஞாயிற்றுக்கிழமை காலை. மொட்டைமாடியில் பழைய செய்தித்தாளை விரித்து, என் ஹெல்மெட்டைக் கவிழ்த்துவைத்து, ஆக்ஸா பிளேடால் அறுக்க ஆரம்பித்தேன். ஓடு லேசில் மசியவில்லை. பிளேடு வழுக்கியது, பெயின்ட் உரிந்தது, மணிக்கட்டு வலித்தது. கால் மணி நேரம் போராடி ஓடு பிளந்ததும் சத்தமே மாறிவிட்டது. கரகரப்பு போய், பல்லைக் கூசவைக்கும் கிறீச் கிறீச். வெள்ளை மணிகள் பறந்துவந்து சட்டையிலும் முழங்கையிலும் ஒட்டிக்கொண்டன. தட்டத் தட்ட இன்னும் பிடிவாதமாக ஒட்டின. துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அம்மா, கொலுவுக்கு இப்போதே தெர்மாகோல் வெட்ட ஆரம்பித்துவிட்டேனா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டு பாதியையும் வெயிலில் வைத்து ஸ்கேலால் அளந்தேன். வெளி ஓடு சுமார் 4 மி.மீ. அதற்கு உள்ளே 32 மி.மீ. பருமனுக்கு வெள்ளைத் தெர்மாகோல். அதற்கும் உள்ளே, தலையில் படுகிற ஸ்பாஞ்சும் துணியும். வலது நெற்றிப்பொட்டுக்கு மேலே மட்டும் ஸ்கேல் 23 காட்டியது. அந்த இடத்தில் மணிகள் உருண்டையாக இல்லை. நசுங்கி, ஒன்றன்மேல் ஒன்று படிந்து, அவல் மாதிரி தட்டையாகக் கிடந்தன.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில், திருப்பத்தில் கிடந்த மணலில் வண்டி சறுக்கி விழுந்தேன். தலை தரையில் மோதியது. எழுந்தேன், தூசி தட்டினேன், ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு கீறல், அவ்வளவுதான். ‘நல்ல ஹெல்மெட், ஒண்ணுமே ஆகல’ என்று வீட்டில் பெருமை பேசிவிட்டு, அதையே இரண்டு வருடம் மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

ஒன்றும் ஆகாமல் இல்லை. என் மண்டையில் ஆகவேண்டியது அந்த 9 மி.மீ-ல் ஆகியிருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்பார்களே, அந்தத் தலைப்பாகையின் வேலையைச் செய்தது இந்தத் தெர்மாகோல். ஆனால், ஒரு தலைப்பாகை ஒருமுறைதான் போகும். அந்த இரண்டு வருடமும் வலது நெற்றிப்பொட்டுக்கு மேலே தலைப்பாகை இல்லாமல்தான் வண்டி ஓட்டியிருக்கிறேன்.

நசுங்கவே பிறந்தது

தெர்மாகோல் என்றதும், நீர் ஆவியாகாமல் தடுக்க அதை மிதக்கவிட்ட வைகை அணை நினைவுக்கு வந்து சிரிக்கிற ஊர் இது. டி.வி. பெட்டிக்குள் வரும், கல்யாண மேடையில் பெயர் எழுத உதவும், கொலுப்படி அலங்காரத்துக்கு ஆகும் என்பதுதான் அதைப் பற்றி நமக்குள்ள எண்ணம். தலையைக் காக்கும் பொருள் என்று யாராவது சொன்னால் ஓட்டைக் காட்டி, ‘இதுதானே காக்குது’ என்போம்.

ஓட்டுக்கும் வேலை உண்டு. கூரான கல் குத்தாமல் தடுப்பது, ஒரே புள்ளியில் விழும் அடியைப் பரப்பிவிடுவது, சாலையில் தேய்ந்து வழுக்கிப்போவது அதன் பொறுப்பு. அடியை விழுங்குவது பெரும்பாலும் தெர்மாகோல்தான்.

வைக்கோல் போரில் குதித்தவருக்கு இதை விளக்க வேண்டாம். அதே உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் குதித்தால் கால் முறியும், போரில் குதித்தால் சிரித்துக்கொண்டே எழுந்துவரலாம். வேகம் இரண்டிலும் ஒன்றுதான். சிமென்டில் அந்த வேகம் ஒரு நொடியின் துளியில் நிற்கிறது. வைக்கோலில் அமுங்கி, அமுங்கி நிற்கிறது. ஹெல்மெட் செய்வதும் இதைத்தான். ஓடு தரையில் பட்டு நின்றபிறகும் தலை உள்ளே நகர்கிறது. நகர்வதற்கு இடம் கொடுத்து, அந்த நகர்வில் மணிகள் ஒவ்வொன்றாக நசுங்கி, வேகத்தைத் தின்றுவிடுகின்றன.

அப்படியானால் நல்ல மெத்தென்ற ஸ்பாஞ்சை வைக்கக் கூடாதா? கூடாது. ஸ்பாஞ்ச் இட்லி மாதிரி. அழுத்தினால் சட்டென்று அடிவரை அமுங்கிவிடும். அதற்குப் பிறகு தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே எதுவும் மிச்சமிருக்காது. கையை எடுத்தால் எழும்பியும் விடும். வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுத்துவிடும். தெர்மாகோல் அப்பளம் மாதிரி. நொறுங்கும், திரும்ப எழாது. வாங்கியதைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். கடையில் மாட்டிப் பார்க்கும்போது கன்னத்துக்கு இதமாக இருக்கிறதே, அந்த ஸ்பாஞ்ச் ஹெல்மெட் ஆடாமல் உட்காரவும் வியர்வையை உறிஞ்சவும் வைத்தது. அதன் மென்மையை வைத்துப் பாதுகாப்பை எடைபோடுவது, பஸ்ஸின் சீட் உறையைப் பார்த்து பிரேக்கை நம்புவது போல.

> பெட்டிச் செய்தி: ஒரு அங்குலத்தின் கணக்கு
>
> நிற்கிற வண்டியிலிருந்து சாய்ந்து, தலை 1.8 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் மோதுவதாக வைத்துக்கொள்வோம். மோதும் வேகம் நொடிக்குச் சுமார் 6 மீட்டர், அதாவது மணிக்கு 21 கி.மீ.
>
> ● வெறும் தலை 3 மி.மீ. தூரத்துக்குள் நின்றால், தலை உணரும் வேகக்குறைப்பு புவியீர்ப்பைப் போல 600 மடங்குக்கு மேல்.
>
> ● தெர்மாகோல் நசுங்கி 20 மி.மீ. தூரத்தில் சீராக நிறுத்தினால், சுமார் 90 மடங்கு.
>
> ● ஐரோப்பிய ஹெல்மெட் விதிப்படியான சோதனையில் நொடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் மோதவிடும்போது, உள்ளே இருக்கும் பொம்மைத் தலை உணர்வது 275 மடங்கைத் தாண்டக் கூடாது.
>
> ‘60-ல் போகிறவனுக்கு 27-ல் சோதித்த ஹெல்மெட் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. சறுக்கி விழுபவரின் தலை தரையை நோக்கி இறங்கும் வேகம், வண்டியின் வேகத்தைப் பொறுத்ததன்று, தலை இருந்த உயரத்தைப் பொறுத்தது. சுவரிலோ லாரியிலோ நேராக மோதினால்தான் கணக்கு வேறு.

லாரன்ஸ் விழுந்தபோது

1935 மே மாதம். இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள்மேல் மோதாமல் இருக்க மோட்டார் சைக்கிளைத் திருப்பிய ஒருவர் தூக்கி எறியப்பட்டார். ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்தார். அவர் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று உலகம் அறிந்த டி.இ. லாரன்ஸ். கவனித்த மருத்துவர்களில் ஒருவர் மூளை அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ். அந்த மரணம் அவரை விடவில்லை. மோட்டார் சைக்கிளில் தகவல் கொண்டுபோகும் ராணுவ வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட் உயிர் காக்கிறது என்று 1941-ல் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

ஆனாலும் அன்றைய ஹெல்மெட்டுக்குள் நசுங்கும் பொருள் என்ற யோசனை முழுதாக வரவில்லை. அதைக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லம்பார்டும் ராத்தும். அடியை உறிஞ்சும் உட்புறம் கொண்ட ஹெல்மெட்டுக்கு 1953-ல் அவர்களுக்குக் காப்புரிமை கிடைத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில், பாலிஸ்டைரீன் மணிகளை நீராவியில் பொங்கவைக்கும் வித்தை கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்த இடம்தான் இன்று நம் தலை.

சர்க்கரை, நீராவி, அச்சு

தெர்மாகோலின் மூலப்பொருள் பார்ப்பதற்குச் சர்க்கரை மாதிரிதான் இருக்கும். கச்சா எண்ணெயிலிருந்து வரும் பாலிஸ்டைரீன் மணிகள். ஒவ்வொரு மணிக்குள்ளும் பென்டேன் என்ற, எளிதில் ஆவியாகும் திரவம் சிறைவைக்கப்பட்டிருக்கும். தொழிலில் இதை ‘பீட்ஸ்’ என்பார்கள்.

முதல் கட்டம், பொங்கவைப்பது. மணிகளைக் கொப்பரையில் கொட்டி நீராவி விடுவார்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகும், பென்டேன் விரியும், மணி நெல் பொரிவது போல உப்பும். தரத்தின் பாதி இங்கே தீர்மானமாகிறது. டி.வி. பெட்டிக்கு வரும் தெர்மாகோல் ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 15, 20 கிராம்தான் இருக்கும். அதாவது நூற்றுக்கு 98 பங்கு காற்று. ஹெல்மெட்டுக்கு அது உதவாது. 50-லிருந்து 80 கிராம் வரை வேண்டும். எனவே மணியை முழுக்கப் பொங்கவிடாமல் பாதியில் நிறுத்த வேண்டும். கொஞ்சம் அதிகம் பொங்கினால் ஸ்பாஞ்ச் மாதிரி அடிவரை அமுங்கிவிடும். கொஞ்சம் குறைவாகப் பொங்கினால் கல் மாதிரி இறுகி நசுங்கவே நசுங்காது. இரண்டுமே தலைக்கு ஆகாது.

இரண்டாவது கட்டம், ஆறப்போடுவது. பொங்கிய மணிகளைத் துணித் தொட்டிகளில் கொட்டிப் பல மணி நேரம் விட்டுவிட வேண்டும். உள்ளே குளிர்ந்த வாயு சுருங்கி வெற்றிடமாகியிருக்கும். வெளிக்காற்று மெல்ல நுழைந்து அதை நிரப்ப வேண்டும். அவசரப்பட்டால் மணி சூம்பிவிடும். பென்டேன் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் அந்த இடத்தில் பீடி, தீக்குச்சி, பொறி எதுவும் ஆகாது.

மூன்றாவது கட்டம், அச்சு. தலைகீழாகக் கவிழ்த்த கிண்ணம் போன்ற அலுமினிய அச்சுக்குள் மணிகளை ஊதி நிரப்பி மறுபடி நீராவி. இப்போது மணிகளுக்கு விரிய இடமில்லை. ஒன்றையொன்று நெருக்கி, தோலோடு தோல் உருகி ஒட்டிக்கொள்ளும். உடனே தண்ணீர் பீய்ச்சிக் குளிரவைத்து, காற்றழுத்தத்தில் வெளியே தள்ளினால், ஈரம் சொட்டச் சொட்ட ஒரு வெள்ளைக் கிண்ணம் வந்து விழும். அதைச் சூடான அறையில் உலர்த்தி எடைபோடுவார்கள். எடை குறைந்தால் அடர்த்தி குறைவு என்று பொருள்.

இதில் ஒரு ரகசியம் உண்டு. ஒரு துண்டை உடைத்தாலே தரம் தெரிந்துவிடும். நீராவி போதுமான அளவு பட்டிருந்தால் உடைப்பு மணிகளின் நடுவே அவற்றைப் பிளந்துகொண்டு போகும். நீராவியில் மிச்சம்பிடித்திருந்தால், அல்லது அரைத்த பழைய தெர்மாகோலை அளவுமீறிக் கலந்திருந்தால், மணிகள் பிளக்காமல் முழுசு முழுசாக உதிரும். புட்டு சரியாக வேகாமல் உதிர்வது போல.

பரிதாபாத்தின் ஸ்டட்ஸ், டெல்லியில் தொடங்கிய ஸ்டீல்பேர்ட், கர்நாடகத்துப் பெலகாவியின் வேகா என்று நாடெங்கும் பெரிய பெயர்கள் உண்டு. 2025 ஜூன் நிலவரப்படி இந்தியாவில் ஹெல்மெட் தயாரிக்க பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உரிமம் வைத்திருந்தவர்கள் 176 பேர். அந்தப் பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களில்தான் நம் கதையின் வில்லன் இருக்கிறார்.

> பெட்டிச் செய்தி: எந்தக் கவசத்துக்கு எந்த ஃபோம்?
>
> ● பைக், சைக்கிள் ஹெல்மெட்: தெர்மாகோல். ஒரே ஒரு பெரிய அடிக்கு. வாங்கியதும் ஓய்வு.
>
> ● கிரிக்கெட் கால் பேட், தொடைப் பேட், முழங்கால் கவசம்: திரும்பத் திரும்ப அடி வாங்கி எழும்பும் ஃபோம் வகைகள். ஒரு பேட்ஸ்மேன் ஒரே ஓவரில் மூன்று முறை காலில் வாங்கலாம், பேடை மாற்ற நேரம் கிடையாது. மீரட்டும் ஜலந்தரும் இந்தச் சரக்குக்குப் பெயர்போன ஊர்கள்.
>
> ● கட்டட வேலை ஹெல்மெட்: வழக்கமான வகையில் ஃபோமே கிடையாது. தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே பட்டைகளால் தொங்கவிட்ட இடைவெளிதான் கவசம். மேலிருந்து விழும் செங்கல்லுக்கு ஆனது. பக்கவாட்டில் சாலையில் மோதும் தலைக்கு ஆனதில்லை. இதற்கான தர எண்கூட வேறு: ஐ.எஸ். 2925. பைக் ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ். 4151.

இருநூற்றைம்பது ரூபாய் ஹெல்மெட்

மொட்டைமாடியில் இன்னொரு ஹெல்மெட்டும் அறுபடக் காத்திருந்தது.

சென்னையில் பின்சீட்டில் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று போக்குவரத்து போலீஸ் கெடுபிடி காட்டத் தொடங்கியது 2022 மே 23-ல். அந்த வாரம், சாலையோரத்தில் தார்ப்பாய் விரித்து மலைபோலக் குவித்து வைத்திருந்த கடை ஒன்றில் மனைவிக்காக ஒன்று வாங்கினேன். இருநூற்றைம்பது ரூபாய். பின்னால் ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கர். மேலே பளபளவென்று ரோஜா நிறம். கடைக்காரர் சொன்ன விலையில் நூறைக் குறைத்துவிட்டேன் என்ற கெத்து வேறு.

இதை அறுக்க ஆக்ஸா தேவைப்படவே இல்லை. விளிம்பில் கத்தியை வைத்து அழுத்தினேன், ஓடு வளைந்து விரிசல் விட்டது. உச்சியில் உள்ளங்கை அகலத்துக்குத் தெர்மாகோல். ஸ்கேலில் 8 மி.மீ. எடுத்து உடைத்தேன். பிளக்கவில்லை, உதிர்ந்தது. மணி மணியாக, வேகாத புட்டாக. காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டில், பின்மண்டையில் தெர்மாகோலே இல்லை. துணி சுற்றிய ஸ்பாஞ்ச் மட்டும். ஸ்டிக்கரை உற்றுப் பார்த்தேன். முத்திரை இருந்தது, உரிம எண் இல்லை.

கடையில் இருந்தபோது இந்த ஹெல்மெட்டைவிட இதமாகத் தலையில் உட்கார்ந்தது எதுவுமில்லை. இருக்காதா பின்னே? முழுக்க ஸ்பாஞ்ச்.

போலி ஹெல்மெட் செய்பவர் எங்கே மிச்சம் பிடிப்பார் என்று யோசித்தால் விஷயம் விளங்கும். ஓட்டில் அதிகம் குறைக்க முடியாது, கண்ணுக்குத் தெரியும். பெயின்டில் குறைத்தால் விற்காது. கண்ணாடியில் குறைத்தால் வாங்குபவர் கண்டுபிடிப்பார். துணிக்கு அடியில் கிடக்கும் தெர்மாகோலைக் குறைத்தால் யாருக்கும் தெரியாது. விழுகிற நாள் வரை.

சட்டம் தூங்குகிறது என்று சொல்லிவிட முடியாது. 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். 2016-ம் ஆண்டின் பி.ஐ.எஸ். சட்டம் முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம் என்று எழுதிவைத்திருக்கிறது. 2024-25 நிதியாண்டில் 500-க்கும் மேற்பட்ட மாதிரிகள் சோதிக்கப்பட்டன, 30-க்கும் மேற்பட்ட சோதனை நடவடிக்கைகள் நடந்தன. டெல்லியில் மட்டும், உரிமம் காலாவதியான அல்லது ரத்தான 9 தயாரிப்பாளர்களிடம் 2,500-க்கும் மேற்பட்ட ஹெல்மெட்டுகள் பிடிபட்டன. 21 கோடிக்கும் மேற்பட்ட இருசக்கர வாகனங்கள் ஓடும் நாட்டில் 2,500 எந்த மூலைக்கு?

வாங்குபவர் பக்கமும் தப்பு இருக்கிறது. 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு வந்தபோது, கடைகளில் அடிதடி நடக்காத குறையாகக் கூட்டம் அலைமோதியதை மறந்திருக்க மாட்டோம். தலைக்காக வாங்கியவர்கள் கொஞ்சம், போலீஸுக்காக வாங்கியவர்கள் அதிகம். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதம் 1,000 ரூபாய் ஆனதும் கணக்கு இன்னும் சுலபமாகிவிட்டது. ஆயிரம் ரூபாய் அபராதத்துக்கு இருநூற்றைம்பது ரூபாயில் இன்ஷூரன்ஸ்! கட்டட வேலையின் மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு சிக்னலைத் தாண்டுகிறவரும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவோ, விபத்தில் காக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கத்தக்க வடிவமும் பொருளும் கொண்டு, பட்டையால் தலையோடு இறுக்கிக் கட்டப்பட்டிருப்பதைத்தான் ஹெல்மெட் என்கிறது. சட்டம் தலையைப் பற்றிப் பேசுகிறது, நாம் ரசீதைப் பற்றி யோசிக்கிறோம்.

விலையைக் கொடுப்பவர்கள்

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கணக்குச் சொல்கிறது. அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான்: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர்.

இந்தக் கணக்கு கேட்பது ஹெல்மெட் போட்டிருந்தாரா இல்லையா என்பதை. போட்டிருந்தது எது என்று கேட்பதில்லை. 8 மி.மீ. தெர்மாகோல் போட்டவரும் ‘ஹெல்மெட் அணிந்தவர்’ கணக்கில்தான் வருவார். அப்புறம், ‘ஹெல்மெட் போட்டும் செத்தான் பாரு’ என்று டீக்கடையில் நாலு பேர் பேசுவார்கள். அதைக் கேட்ட ஐந்தாவது ஆள் மறுநாள் நல்ல ஹெல்மெட்டையும் வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புவார். போலி ஹெல்மெட் அதைப் போட்டவரோடு நிற்பதில்லை. போடாமல் போகிறவருக்கும் ஒரு சாக்கைத் தருகிறது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஹெல்மெட் மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று கண்டிருக்கிறார்கள்.

இறப்பவர்களை எண்ணிவிடலாம். பிழைப்பவர்களின் கதை எண்ணில் அடங்காது. மூளை மண்டைக்குள் நீரில் மிதக்கும் ஒன்றே கால், ஒன்றரைக் கிலோப் பொருள். மண்டை நின்றபிறகும் அது முன்னே போய் மோதும், பின்னே வந்து மோதும். முறுக்கிக்கொண்டால் உள்ளிருக்கும் நுண்ணிழைகள் அறுபடும். ஸ்கேனில் பெரிதாக எதுவும் தெரியாமலே ஆள் மாறிப்போகலாம். மணம் தெரியாது. நேற்று நடந்தது நினைவிருக்காது. சாந்தமாக இருந்தவர் தட்டைத் தூக்கி எறிவார். சிலருக்கு மாதங்கள் கழித்து வலிப்பு வரும். வேலை போகும். அதன்பிறகு வீட்டில் நகை ஒவ்வொன்றாக அடகுக்கடைக்குப் போகும். பிள்ளைகளின் பள்ளி மாறும். மனைவிக்கோ அம்மாவுக்கோ இருபத்து நான்கு மணி நேர வேலை ஒன்று வந்து சேரும், சம்பளம் கிடையாது.

இந்தச் சுமையைத் தமிழ்நாடு நன்றாகவே அறியும். சென்னைப் பொது மருத்துவமனையில் மருத்துவர் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது 1950-ல். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. உறுப்பு தானத்தில் பெயர் வாங்கிய மாநிலம் இது. ஆனால் ‘மூளைச்சாவு’ என்ற சொல் படிக்காதவர் வாயிலும் சரளமாக வருகிறதென்றால், எத்தனை வீட்டுப் பிள்ளைகள் சாலையில் விழுந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவமனை இவ்வளவு செய்வது விழுந்தபிறகு. விழுகிற அந்தக் கணத்தில் வேலை செய்ய இருப்பது ஒரு அங்குலத் தெர்மாகோல் மட்டும்.

வெயில், கொண்டை, பூ

போடாததற்குச் சொல்லும் காரணங்களில் உண்மையும் இருக்கிறது. சித்திரை வெயிலில் அண்ணா சாலை சிக்னலில் மூடிய ஹெல்மெட்டுக்குள் நிற்பது, அடுப்பில் ஏற்றிய குக்கருக்குள் தலையை விடுவது போலத்தான். நாள் முழுக்கச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞனுக்கு அது பத்து மணி நேரம்.

காற்று போக வழி வேண்டுமென்றால் தெர்மாகோலில் வாய்க்கால் வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் நசுங்கும் பொருள் குறையும். அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் ஒரே ஹெல்மெட்டில் இடத்துக்கு இடம் வேறு வேறு அடர்த்தி வைத்து ஈடுகட்டுகிறார்கள். முறுக்கிக்கொள்ளும் அடிக்கு எதிராக, தலைக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும் மெல்லிய அடுக்கை ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் கொண்டுவந்தார்கள். ஐரோப்பாவின் புதிய விதியில் சாய்வான மோதலுக்கும் சோதனை உண்டு. விலையுயர்ந்த ஹெல்மெட்டுகளில் அந்த அடுக்கு இங்கும் வந்துவிட்டது.

பெண்களின் சிக்கலை யோசித்து வடிவமைத்தவர்கள் குறைவு. கொண்டை போட்டால் ஹெல்மெட் இறங்காது. மல்லிகைச் சரம் வைத்தால் நசுங்கும். அதனால் பெரிய சைஸ் வாங்குகிறார்கள், அது தலையில் ஆடுகிறது. முடி கொட்டும் என்று உள்ளே கர்ச்சீப்பும் துண்டும் வைக்கும் ஆண்களின் கதையும் இதேதான். ஆடுகிற ஹெல்மெட் முதல் மோதலிலேயே திரும்பிக்கொள்ளும். பட்டை போடாவிட்டால் தலைக்கு முன்னால் அது சாலையில் உருளும்.

> பெட்டிச் செய்தி: கடையில் ஐந்து நிமிடம்
>
> ● துணியைத் தூக்கிப் பாருங்கள். உச்சி, நெற்றி, இரு பக்கம், பின்மண்டை எங்கும் தெர்மாகோல் தொடர்ந்து இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். மணி உதிரக் கூடாது.
>
> ● முத்திரையோடு எண். ஐ.எஸ்.ஐ. முத்திரை, மேலே ஐ.எஸ். 4151, கீழே உரிம எண். ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணை அடித்தால் தயாரிப்பாளர் யார், உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும்.
>
> ● சைஸ். புருவத்துக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி அளந்து வாங்குங்கள். பட்டையைப் போட்டு ஹெல்மெட்டை ஆட்டினால் நெற்றித் தோலும் சேர்ந்து நகர வேண்டும்.
>
> ● வண்டியின் கண்ணாடிக் கம்பியில் மாட்டாதீர்கள். கம்பி முனை தெர்மாகோலில் குழி போடும்.
>
> ● பெட்ரோல், தின்னர் ஆகாது. தெர்மாகோல் அதில் கரைந்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.
>
> ● எப்போது மாற்ற வேண்டும்? தலை உள்ளே இருக்க ஒரு நல்ல அடி விழுந்தால் உடனே. விழாவிட்டாலும் ஐந்து ஆண்டில். மேசையிலிருந்து வெறுமனே உருண்டு விழுந்ததற்குப் பதற வேண்டாம். உள்ளே தலை இல்லாததால் தெர்மாகோலை நசுக்க எடை இல்லை.
>
> ● குழந்தைக்கும் உண்டு. 2022-ல் திருத்திய மத்திய விதிப்படி 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைக்கும் ஹெல்மெட் வேண்டும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும் வேண்டும், வேகம் 40 கி.மீ-ஐத் தாண்டக் கூடாது.

பின்சீட்

ஹெல்மெட் போடாமல் இறந்த அந்த 50,029 பேரை அமைச்சக அறிக்கை இரண்டாகப் பிரித்திருக்கிறது. ஓட்டியவர்கள் 35,692. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் 14,337. புது வண்டி வாங்கும்போது இரண்டு ஹெல்மெட் தர வேண்டும் என்று 2025 ஜூனில் மத்திய அரசு வரைவு விதி வெளியிட்டதன் பின்னால் இருப்பது இந்த இரண்டாவது எண்தான்.

மொட்டைமாடியில் நான்கு பாதிகளையும் வரிசையாக வைத்தேன். என்னுடையது 32 மி.மீ. மனைவியுடையது 8. ஒரே வண்டி, ஒரே மணல், ஒரே திருப்பம். நான் விழுந்த அன்று அவள் என் பின்னால் இல்லை. வலது நெற்றிப்பொட்டில் எனக்கு நசுங்கியது 9 மி.மீ. தெர்மாகோல். அவள் இருந்திருந்தால், அவளுக்கு அந்த இடத்தில் நசுங்குவதற்குத் தெர்மாகோலே இல்லை. போலி செய்தவனை எத்தனை திட்டினாலும், பேரம் பேசி வாங்கியவன் நான்.

அந்த ஞாயிறு மாலையே இருவரும் கடைக்குப் போனோம். ஆட்டோவில். அவள் கொண்டையை அவிழ்த்துத் தாழப் பின்னிக்கொண்டு உட்கார, கடைக்காரர் அளவு நாடாவை நெற்றியைச் சுற்றிப் பிடித்தார். 56. வாங்கியிருந்த ரோஜா நிறம் 60. நிறம் எது வேண்டும் என்று அவர் கேட்டபோது, அவள் பதில் சொல்லவில்லை. ஹெல்மெட்டைக் கவிழ்த்து, துணியைத் தூக்கி, காதுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.